வேளாண் ஆராய்ச்சிக் கட்டடம்: மண், நீர், பயிர் ஆய்வகங்களை எந்தத் தளத்தில், எப்படி அமைப்பது?

நெற்களம்:

அனைவருக்கும் வணக்கம். திருச்சிப் பக்கத்தில் ஒரு வேளாண் கல்லூரிக்கு, மண்ணியல் மற்றும் இயற்கை வளத் துறைக்கென்று தனி ஆராய்ச்சிக் கட்டடம் கட்ட நிதி ஒதுக்கீடு ஆகிவிட்டது. அடிப்பரப்பு 36க்கு 16 மீட்டர். தரைத்தளம், அதற்கு மேல் இரண்டு தளம். துறையின் சார்பில் கட்டடக் குழுவில் இருக்கிறேன்.

கட்டடக் கலைஞர் தந்த முதல் வரைபடத்தில் நடுவே நடைவழி, இருபுறமும் 6க்கு 6.5 மீட்டரில் ஒரே அளவு அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கிரானைட் மேடை, ஒரு சிங்க், ஒரு ஸ்பிளிட் ஏ.சி. தளத்துக்குத் தளம் உயரம் 3.3 மீட்டர். வகுப்பறைக்கு இது போதும், ஆய்வகத்துக்குப் போதாது என்று தெரிகிறது. ஆனால் என்னென்ன மாற்ற வேண்டும் என்று காரணத்தோடும் அளவோடும் எழுதிக் கொடுத்தால்தான் பொறியியல் பிரிவு கேட்கும்.

ஆண்டுக்குச் சுமார் 8,000 மண் மாதிரி, 2,000 பாசன நீர் மாதிரி, 1,500 இலை மாதிரி என்று கணக்குப் போட்டிருக்கிறோம். பி.எச்., மின் கடத்துத்திறன், அங்ககக் கரிமம், தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்து, நுண்ணூட்டம் எல்லாம் பார்ப்போம். இப்போதைக்கு ஏ.ஏ.எஸ். (சுடரில் உலோகத் தனிமங்களை அளக்கும் கருவி), ஃபிளேம் ஃபோட்டோமீட்டர் (சுடரின் ஒளியால் சாம்பல் சத்தை அளப்பது), ஸ்பெக்ட்ரோ (கரைசலின் நிற அடர்த்தியை அளப்பது), கெல்டால் செட் (தழைச்சத்தை அளக்க அமிலத்தில் செரித்து வாலை வடிப்பது). பிறகு ஐ.சி.பி. (ஆர்கான் பிளாஸ்மாவில் பல தனிமங்களை ஒன்றாக அளக்கும் கருவி) வரும். விதை, மண் மாதிரிகளை நெடுநாள் வைக்கவும் இடம் வேண்டும்.

எந்த அறை எந்தத் தளத்தில்? ஃபியூம் ஹூட் (அமிலப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் கண்ணாடிக் கதவுப் பெட்டி) எத்தனை, காற்று எப்படி? கட்டி முடித்தபின் மாற்றவே முடியாத விஷயங்கள் எவை?

---

செம்மண்:

அறைகளுக்குப் பெயர் எழுதுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு மண் மாதிரி வண்டியிலிருந்து இறங்கியது முதல் அறிக்கையாக வெளியே போவது வரை நடக்கும் வழியை வரைபடத்தில் ஒரே கோடாக இழுங்கள். அந்தக் கோடு தூசியான பக்கத்திலிருந்து சுத்தமான பக்கத்துக்கு ஒரே திசையில் போக வேண்டும். பிரித்த சாக்குப் பையைத் தூக்கிக்கொண்டு யாராவது ஏ.ஏ.எஸ். அறை வாசலைக் கடக்க நேர்ந்தால் அந்த வரைபடம் தவறு.

தரைத்தளத்தின் ஒரு முனையில் சாய்தளத்தோடு மாதிரி பெறும் அறை, அதையொட்டி உலர்த்தும் அறை, அதற்குள்ளிருந்து மட்டுமே போகக்கூடிய இடிக்கும், சலிக்கும் அறை. இந்த மூன்றுக்கும் நடைவழிக்கும் இடையே கதவுள்ள சிறு தடுப்பறை ஒன்று இருக்கட்டும்.

உலர்த்தும் அறையின் அளவை ஆண்டுச் சராசரியை வைத்துப் போடாதீர்கள். 8,000 மாதிரி என்றால் வேலை நாளுக்கு 30 போலத் தெரியும். ஆனால் கோடை உழவு முடிந்து ஆடிப் பட்டத்துக்கு முன்பு மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். நாளுக்கு 100 வந்து, நிழலில் காய நான்கு நாள் ஆனால், ஒரே நேரத்தில் 400 தட்டு வேண்டும். 30க்கு 40 செ.மீ. தட்டைப் பத்து அடுக்காக வைத்தால் ரேக்குக்கு மட்டும் 5 சதுர மீட்டர். நடக்கவும் கிளறவும் இடம் சேர்த்தால் 20 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. அவசரத்துக்கு ஓவனில் போட்டுக் காய வைக்க வேண்டாம். 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கிடைக்கும் சாம்பல் சத்தின் அளவும் மாங்கனீசும் மாறிவிடும். மெதுவாக ஓடும் விசிறியும் கொசுவலை போட்ட ஜன்னலும் போதும். மேற்குப் பார்த்த ஜன்னல் மட்டும் கூடாது. ஆடிக் காற்று பக்கத்து வயல் மண்ணை அப்படியே தட்டில் கொண்டுவந்து கொட்டும்.

இனி நுண்ணூட்டம். டி.டி.பி.ஏ. (நுண்ணூட்ட உலோகங்களைப் பிடித்துக் கரைக்கும் வேதிப்பொருள்) முறையில் 10 கிராம் மண்ணை 20 மி.லி. கரைசலில் இரண்டு மணி நேரம் குலுக்குகிறோம். துத்தநாகப் பற்றாக்குறைக்கு நாம் வைத்திருக்கும் எல்லை கிலோவுக்கு 1.2 மி.கி. அப்படியென்றால் அந்த 10 கிராம் மண்ணிலிருந்து வரும் துத்தநாகம் மொத்தமே 12 மைக்ரோகிராம். தகரத் தட்டில் பூச்சு உரிந்து விழும் ஒரு துகள் போதும், பற்றாக்குறையுள்ள வயலுக்குப் 'போதுமானது' என்று அறிக்கை போய்விடும். அதனால் இந்த மூன்று அறைகளிலும் ஜி.ஐ. (துத்தநாகப் பூச்சிட்ட இரும்பு) தட்டு, ஜி.ஐ. ரேக், ஜி.ஐ. கூரைத் தகடு எதுவும் வேண்டாம். பிளாஸ்டிக் தட்டு, மர உலக்கை, மரப்பலகை, துருப்பிடிக்காத எஃகு அல்லது நைலான் சல்லடை. பித்தளைச் சல்லடையில் தாமிரமும் துத்தநாகமும் இரண்டுமே வரும். ரப்பர் கார்க்கிலும் துத்தநாகம் உண்டு. இதெல்லாம் கொள்முதல் பட்டியலில் எழுதப்படாவிட்டால் ஒப்பந்ததாரர் எது மலிவோ அதைத்தான் கொண்டுவந்து வைப்பார்.

குலுக்கும் அறை, அதாவது ஷேக்கர் அறை, 25 டிகிரியில் நிலையாக நிற்க வேண்டும். இது ஆளுக்கான வசதி அல்ல. மணிச்சத்தை அளக்கும் ஓல்சன் முறையில் 2.5 கிராம் மண்ணை 50 மி.லி. சோடியம் பைகார்பனேட்டில் அரை மணி குலுக்கும்போது, 20 முதல் 30 டிகிரி வரை ஒவ்வொரு டிகிரி கூடுதலுக்கும் கிலோவுக்கு சுமார் 0.43 மி.கி. மணிச்சத்து அதிகமாகக் கரைந்து வரும். காலையில் 24 டிகிரி, மதியம் மின்சாரம் போய் 30 டிகிரி என்றால் 2.6 மி.கி. வித்தியாசம். ஹெக்டேருக்கு மாற்றினால் ஏறக்குறைய 5.8 கிலோ. நம் அளவுகோலில் 11 கிலோவுக்குக் கீழே 'குறைவு', 22 வரை 'நடுத்தரம்'. காலையில் 9 கிலோ காட்டிய மண் மதியம் 15 கிலோ காட்டும். விவசாயிக்கு உரப் பரிந்துரையே மாறிப்போகும். இந்த அறையின் ஏ.சி. ஜெனரேட்டர் லைனில் கட்டாயம் இருக்க வேண்டும்.

அம்மோனியாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாம்பல் சத்துக்கு அம்மோனியம் அசிடேட் தயாரிக்கும் இடமும் தழைச்சத்து வாலை வடிக்கும் இடமும் ஒரே அறையில் இருக்கவே கூடாது. வடிந்து வரும் அம்மோனியாவைப் பிடிக்கும் போரிக் அமிலக் குடுவை திறந்திருந்தால் காற்றிலுள்ள அம்மோனியாவையும் இழுத்துக்கொள்ளும், பிளாங்க் (மாதிரி சேர்க்காத வெற்று அளவு) ஏறும். உலர்த்தி வைத்த மண்ணும் அப்படித்தான் இழுக்கும். மண் நயம் பார்க்கும் ஹைட்ரோமீட்டர் வேலைக்குச் சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட் ஊற்றுவோம். பெயரிலேயே பாஸ்பேட் இருக்கிறது. அந்தக் கண்ணாடிப் பாத்திரங்களும் கழுவும் சிங்க்கும் மணிச்சத்து அறையோடு கலக்கக் கூடாது.

---

காற்றுவழி:

ஹூட் கணக்கை நான் எழுதுகிறேன். ஏ.சி., எக்ஸாஸ்ட் வேலைதான் என் துறை.

ஹூட்டின் முகப்பில் காற்று நொடிக்கு 0.5 மீட்டர் வேகத்தில் உள்ளே போக வேண்டும். 0.4க்குக் கீழே போனால் புகை வெளியே கசியும். 0.6க்கு மேலே போனால் சுழல் உண்டாகி அதுவும் புகையை வெளியே இழுத்துவிடும், ஆகவே 'பெரிய ஃபேன் போட்டால் நல்லது' என்பது தவறு. உள் அகலம் 1.5 மீட்டர், கண்ணாடிக் கதவு 0.45 மீட்டர் திறந்திருந்தால் பரப்பு 0.675 சதுர மீட்டர். 0.5ஆல் பெருக்கினால் நொடிக்கு 0.34 கன மீட்டர், மணிக்கு சுமார் 1,200 கன மீட்டர். ஒரே அறையில் இரண்டு ஹூட் என்றால் 2,400. உங்கள் 6க்கு 6.5 அறையை 3 மீட்டர் உயரத்துக்குக் கணக்கிட்டால் 117 கன மீட்டர்தான். அதாவது மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அறையின் மொத்தக் காற்றும் வெளியே போகிறது.

அந்தக் காற்று உள்ளே வர வழி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலான கட்டடங்களில் வைப்பதில்லை. ஸ்பிளிட் ஏ.சி. உள்ளே இருக்கும் காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும், புதுக் காற்று தராது. விளைவாகக் கதவைத் திறக்க முடியாமல் இழுத்துப் பிடிக்கும், கழிவுக்குழாயின் நாற்றம் சிங்க் வழியே மேலே வரும், பக்கத்து ஏ.ஏ.எஸ். அறையின் சுடர் ஆடும், ஹூட்டில் முகப்பு வேகம் பாதியாகிவிடும். ஏ.சி. அறைக்குள்ளேயே ஹூட் வைத்து, வெளியேறும் காற்றுக்கு ஈடாகக் குளிர்ந்த காற்றைத் தரவேண்டுமென்றால் திருச்சி வெயிலுக்கு அதற்கு மட்டும் 6, 7 டன் ஏ.சி. ஆகும். மின்கட்டணம் தாங்காது. ஆகவே டைஜஷன் அறையை (மாதிரியை அமிலத்தில் கொதிக்க வைத்துச் செரிக்கும் அறை) ஏ.சி. இல்லாத தனி அறையாக வையுங்கள். வெளிச்சுவரில் வடிகட்டியோடு லூவர் (சாய்தகடுகள் வைத்த காற்றுத் திறப்பு), ஒரு சப்ளை ஃபேன். வெளியே போகும் காற்றில் 85 முதல் 90 சதவீதம் இந்த வழியாக உள்ளே வரட்டும். மீதி 10, 15 சதவீதம் கதவு இடுக்கு வழியே நடைவழியிலிருந்து வரும். அறை எப்போதும் நடைவழியைவிடச் சற்றுக் குறைந்த அழுத்தத்தில் நிற்கும், அமிலப் புகை கருவி அறைக்குப் போகாது. கருவி அறைகளில் இதற்கு நேர்மாறாக அழுத்தம் சற்றே கூடுதலாக இருக்கவேண்டும்.

ஃபேனை ஹூட்டின் தலையில் மாட்டாதீர்கள். மொட்டை மாடியில் வையுங்கள். அப்போதுதான் கட்டடத்துக்குள் ஓடும் டக்ட் (காற்றுக்குழாய்) முழுவதும் உள்ளிழுக்கும் அழுத்தத்தில் இருக்கும். ஓட்டை விழுந்தாலும் புகை வெளியே கசியாது. டக்ட் பாலிப்ரோப்பிலீன், வெளியே எஃப்.ஆர்.பி. (கண்ணாடியிழை பிளாஸ்டிக்) பூச்சு. ஜி.ஐ. டக்ட் அமிலப் புகைக்கு வெகுநாள் தாங்காது. ஒரு ஹூட்டுக்கு 250 மி.மீ. விட்டம். மாடித் தரையிலிருந்து 3 மீட்டராவது உயரத்தில் குழாய் முடியட்டும். உச்சியில் தொப்பி வைக்க வேண்டாம், அது புகையைக் கீழே திருப்பும். தென்மேற்கு, வடகிழக்கு என்று பருவத்துக்குப் பருவம் காற்றின் திசை மாறிக்கொண்டே இருப்பதால் 'காற்றுக்குக் கீழ்ப்பக்கம் வைக்கிறோம்' என்று குட்டைக் குழாயோடு தப்பிக்க முடியாது.

மாற்றவே முடியாதவை என்று கேட்டீர்கள். என் பக்கத்திலிருந்து இரண்டு. தளத்துக்குத் தளம் 3.3 மீட்டரில் பீம் 0.6 போனால் டக்ட், குழாய், கேபிள் டிரேக்கு இடமே இல்லை, 4.2 ஆக்குங்கள். இரண்டாவது, தரையிலிருந்து மாடிவரை ஆள் உள்ளே போய் நிற்கக்கூடிய ஷாஃப்ட் (டக்டும் குழாய்களும் மேலேறும் செங்குத்து வழி), 1.2க்கு 2 மீட்டர். ஒவ்வொரு தளத்திலும் அதற்குக் கதவு. இப்போது ஸ்லாபில் விடாத துளையைப் பிறகு உடைத்துப் போடும்போது கம்பியையும் சேர்த்து அறுப்பார்கள்.

டைஜஷன் அறையை மேல்தளத்தில் வைத்தால் டக்ட் நீளம் குறையும், செலவும் குறையும். என் பரிந்துரை இரண்டாம் தளம்.

---

துலாக்கோல்:

கருவி, கேஸ், மின்சாரம் பற்றிச் சொல்கிறேன்.

ஏ.ஏ.எஸ். சுடருக்கான அசிட்டிலின் சிலிண்டர் ஒருபோதும் அறைக்குள் வேண்டாம். கட்டடத்தின் வெளிச்சுவரையொட்டி, கூரையும் கம்பி வலையும் போட்ட தனிக் கூண்டு. தரை மட்டத்திலும் கூரை மட்டத்திலும் காற்றோட்டம் வேண்டும், ஏனென்றால் அசிட்டிலின் காற்றைவிட இலேசு, ஃபிளேம் ஃபோட்டோமீட்டருக்கான எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம். சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும், சங்கிலி கட்டியிருக்க வேண்டும். நைட்ரஸ் ஆக்சைடு, ஆக்சிஜன் போன்றவை இவற்றிலிருந்து 6 மீட்டர் தள்ளி, இல்லாவிட்டால் இடையில் 1.5 மீட்டர் உயரத்துக்குக் குறையாத தீத்தாங்கும் சுவர்.

அசிட்டிலின் குழாய் துருப்பிடிக்காத எஃகு மட்டுமே. செம்புக் குழாய் போட்டால் செம்பு அசிட்டிலைடு உண்டாகி, தட்டினாலே வெடிக்கும். ஏ.சி. வேலைக்கு வந்த ஆள் மிச்சம் இருக்கும் செம்புக் குழாயை இதற்கும் ஓட்டிவிடுவது நடக்கக்கூடியது, அதனால் வரைபடத்திலேயே எழுதிவிடுங்கள். குழாய் அழுத்தம் 1 பாரைத் தாண்டக் கூடாது. ஃபிளாஷ்பேக் அரெஸ்டர் (சுடர் குழாய்க்குள் திரும்பிப் போகாமல் தடுப்பது) கட்டாயம். சிலிண்டர் அழுத்தம் 6, 7 பாருக்கு இறங்கியதும் மாற்றிவிட வேண்டும். கடைசிவரை ஓட்டினால் உள்ளே இருக்கும் அசிட்டோன் சுடருக்கு வந்து ரீடிங் அலைபாயும், குழாய்கள் கெடும்.

ஐ.சி.பி. பின்னால் வரும் என்கிறீர்கள். நிமிடத்துக்கு 15 முதல் 20 லிட்டர் ஆர்கான் குடிக்கும். 7 கன மீட்டர் சிலிண்டர் ஒன்று ஏறக்குறைய ஆறு முதல் எட்டு மணி நேரமே வரும். நாலைந்து சிலிண்டரை இணைக்கும் மேனிஃபோல்டு, அல்லது திரவ ஆர்கான் டேங்குக்கு இப்போதே கூண்டில் இடமும் லாரி வர வழியும் விடுங்கள். திரவ டேங்கை உள்ளே வைக்கவேண்டி வந்தால் ஆக்சிஜன் குறைவைக் காட்டும் அலாரம் இல்லாமல் வைக்கக் கூடாது.

தராசு. நான்கு தசம தராசை அறையின் நடுவில், ஸ்லாபின் நடுப்பகுதியில் வைத்தால் ஆள் நடந்தாலே எண் ஓடும். தூணையொட்டிய மூலை, லிஃப்டுக்கும் ஷேக்கருக்கும் தள்ளி, கனத்த கல் மேடை, ஏ.சி. காற்று நேரே படாத இடம். ஷேக்கரும் சென்ட்ரிஃபியூஜும் தரைத்தளத்தில் இருக்கட்டும்.

மின்சாரம்: டைஜஸ்டர், வாலைவடி செட், ஓவன், ஹாட்பிளேட், மஃபிள் ஃபர்னஸ் என்று சூடாக்கும் சாமான்கள் மட்டுமே 25 கிலோவாட்டைத் தொடும். இவற்றை யூ.பி.எஸ்.ஸில் போட வேண்டாம். ஏ.ஏ.எஸ்., ஸ்பெக்ட்ரோ, கணினி மட்டும் யூ.பி.எஸ். கருவி அறைக்குத் தனி எர்த் பிட். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். முக்கியமான ஒன்று: டைஜஸ்டரின் சப்ளை ஹூட் ஃபேன் ஓடினால்தான் வரும்படி ஏர்ஃப்ளோ சுவிட்சும் கான்டாக்டரும் வையுங்கள். 420 டிகிரியில் கந்தக அமிலம் கொதிக்கும்போது மின்சாரம் போனால், ஃபேன் ஜெனரேட்டரில் தானாகத் திரும்ப ஓட வேண்டும். டைஜஸ்டர் தானாக ஓடக் கூடாது, ஆள் வந்து பட்டனை அழுத்திய பிறகுதான்.

---

நெற்களம்:

மிக்க நன்றி. உயரம் 4.2, ஷாஃப்ட் இரண்டையும் இன்றே எழுத்தில் கொடுத்துவிட்டேன்.

இரண்டு சந்தேகம். டைஜஷன் அறை மேல்தளம் என்பதில் செம்மண் சார் கருத்து என்ன? அமிலக் கழிவு எங்கே போக வேண்டும்? இப்போதைய வரைபடத்தில் எல்லா சிங்க்கும் கழிப்பறைக் குழாயோடு சேர்ந்து செப்டிக் டேங்குக்குப் போகிறது.

---

செம்மண்:

மேல்தளத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. காற்றுவழி சொல்வது டக்ட் கணக்கில் சரி. ஆனால் கந்தக அமிலப் பாட்டில்களையும் கழிவுக் கேன்களையும் தினமும் படியிலோ லிஃப்டிலோ தூக்க வேண்டும். சிந்தினால் கீழே இரண்டு தளம் இருக்கிறது. அமிலக் குழாய் எங்காவது கசிந்தால் கருவி அறைக் கூரையில்தான் சொட்டும். தரைத்தளத்தின் மறுமுனையில், கூண்டுக்கும் கழிவுத் தொட்டிக்கும் பக்கத்தில் டைஜஷன் அறை, அதற்கு நேர் மேலே முதல் தளத்தில் சிறிய ஹூட் அறை, இரண்டுக்கும் பொதுவான ஷாஃப்ட். டக்டுக்குக் கூடும் 8 மீட்டர் செலவைத் தாங்கிக்கொள்ளலாம்.

இலை மாதிரிக்கு நைட்ரிக், கந்தக, பெர்குளோரிக் அமிலம் 9:2:1 கலவையில் செரிப்பது நம் ஊர் வழக்கம். பெர்குளோரிக் ஆவி டக்டில் படிகமாகப் படிந்தால் பிறகு ஸ்பேனர் பட்டாலே வெடிக்கும். அதற்கென்று தனி ஹூட், தனி டக்ட், உள்ளே தண்ணீர் தெளித்துக் கழுவும் ஏற்பாடு, மரமோ எண்ணெயோ இல்லாத உட்புறம் எல்லாம் வேண்டும். அந்தச் செலவைவிட மைக்ரோவேவ் டைஜஸ்டர் ஒன்று வாங்கி, நைட்ரிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வைத்து முடிப்பது நல்லது. கட்டடத்தில் பெர்குளோரிக்கே இல்லை என்று முடிவெடுத்தால் ஒரு ஹூட் மிச்சம்.

கழிவுக்கு வருகிறேன். செப்டிக் டேங்கில் அமிலம் போனால் அதிலுள்ள நுண்ணுயிர் செத்து, மலக்கழிவு செரிக்காமல் நிரம்பும். ஆய்வகக் கழிவுநீர் தனிக் குழாய். பாலிப்ரோப்பிலீன் அல்லது எச்.டி.பி.இ. (அடர் பாலிஎத்திலீன்), சூடு வைத்து ஒட்டும் வகை, 50க்கு 1 சரிவு, ஸ்லாபுக்குள் புதைக்காமல் கண்ணுக்குத் தெரியும்படி. மண் கழுவும் சிங்க் ஒவ்வொன்றின் கீழும் கழற்றக்கூடிய வாளியோடு வண்டல் பொறி. அது இல்லாவிட்டால் கரிசல் மண் உள்ளே போய்க் குழாயில் உறைந்து, கான்கிரீட்டாக இறுகும்.

பெரிய சுமை அங்ககக் கரிமத்திலிருந்து வருகிறது. வாக்லி-பிளாக் முறையில் ஒரு மாதிரிக்கு 10 மி.லி. 1 நார்மல் செறிவுள்ள டைக்ரோமேட், 20 மி.லி. அடர் கந்தக அமிலம், பிறகு 200 மி.லி. தண்ணீர். 8,000 மாதிரிக்கு 160 லிட்டர் அடர் அமிலம், 1.4 கிலோ குரோமியம், மொத்தம் 2,000 லிட்டர் கழிவு. டைட்ரேஷன் முடியும்போது ஃபெரஸ் உப்பு குரோமியத்தை ஆறாம் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்கு இறக்கியிருக்கும், ஆகவே குடுவைக் கழிவு ஓரளவு பரவாயில்லை. மீந்துபோன டைக்ரோமேட் கரைசல்தான் விஷம். அதை பி.எச். 3க்குக் கீழே வைத்து சோடியம் பைசல்பைட் போட்டு, ஆரஞ்சு நிறம் பச்சையாகும்வரை குறைக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் ஒரு 500 லிட்டர் எச்.டி.பி.இ. தொட்டியில் சேர்த்து, நீர்த்த சுண்ணாம்பை மெதுவாக, கிளறிக்கொண்டே, பி.எச். 8.5 வரும்வரை. மூன்றாம் நிலைக் குரோமியம் அங்கேதான் முழுமையாகப் படியும். ஆண்டுக்கு 215 கிலோ சுண்ணாம்பு செலவாகும், உலர்ந்த கணக்கில் 500 கிலோ ஜிப்சம் சேறு மிஞ்சும். இந்தச் சேற்றை வயலில் கொட்டக் கூடாது, அபாயக் கழிவாக அனுமதி பெற்ற நிறுவனத்திடம்தான் போக வேண்டும். வடிகட்டிய நீர் அதன் பிறகே ஆய்வகக் கழிவுநீருக்கான தனி இரண்டறைத் தொட்டிக்கு, செப்டிக் டேங்குக்கு அல்ல.

இதில் ஒரு பொறி இருக்கிறது. தழைச்சத்துக்கான பொட்டாசியம் பெர்மாங்கனேட், சோடியம் ஹைட்ராக்சைடு வடிகழிவு காரமாக இருக்கிறதே, இந்த அமிலத்தை அதை வைத்தே சமன் செய்தால் சுண்ணாம்பு மிச்சமாகுமே என்று தோன்றும். செய்யாதீர்கள். அதிலுள்ள மாங்கனீசு டையாக்சைடு மூன்றாம் நிலைக் குரோமியத்தைத் திரும்பவும் ஆறாம் நிலைக்கு ஏற்றிவிடும். இரண்டு கழிவுக்கும் இரண்டு தொட்டி.

மேடைக் கல்லையும் பாருங்கள். டெண்டரில் கறுப்பு கிரானைட் என்று இருக்கும், வந்து இறங்குவது கடப்பா கல்லாக இருக்கலாம். பார்க்க ஒன்றுபோலவே தெரியும். கடப்பா கல் சுண்ணாம்புக் கல் வகை, அமிலம் பட்டால் அரிக்கும். ஒவ்வொரு லாரியிலும் ஒரு துண்டில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

---

காற்றுவழி:

தரைத்தளம் என்றால் ஃபேன் அழுத்தத்தைக் கூட்டித் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். செம்மண் சொல்லும் காரணங்கள் வலுவானவை, ஏற்கிறேன். இரண்டு தளத்து ஹூட்டுகளையும் ஒரே டக்டில் சேர்க்காதீர்கள். மேலே ஃபேன் நின்றுபோனால் கீழ்த்தளப் புகை முதல் தளத்தில் வந்து இறங்கும்.

அவசர ஷவரை மறக்க வேண்டாம். டைஜஷன் அறையிலிருந்து பத்து நொடி நடையில் இருக்க வேண்டும், வழியில் பூட்டுள்ள கதவு கூடாது. நிமிடத்துக்கு 75 லிட்டர், 15 நிமிடம் என்றால் 1,100 லிட்டருக்கு மேல். மொட்டை மாடிக் கறுப்புத் தொட்டியிலிருந்து குழாய் கொடுத்தால் சித்திரை வெயிலில் வெந்நீர்தான் கொட்டும். அமிலம் பட்ட உடம்பில் அது விழக் கூடாது. நிழலில் இருக்கும் தனித் தொட்டி, வெப்பம் புகாத உறை.

---

விதைப்பேழை:

மாதிரிகளைச் சேமிக்கும் அறையைப் பற்றி யாரும் எழுதவில்லை, நான் சேர்க்கிறேன். என் பார்வையில் கட்டடத்தின் நெடுங்கால மதிப்பு இந்த அறையில்தான் இருக்கிறது. கோயம்புத்தூரில் 1909இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல் இன்றும் நடக்கிறது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1843இலிருந்து சேர்த்த மண், தானியம், வைக்கோல் மாதிரிகள் சுமார் 3 லட்சம் இருக்கின்றன. மூடிவைத்த காலத்தில் யாரும் யோசிக்காத காட்மியத்தைக்கூடப் பின்னாளில் அந்த மாதிரிகளிலிருந்து அளந்தார்கள். ஆய்வு முடிந்ததும் மண்ணைக் கொட்டிவிடும் துறைக்கு அந்த வாய்ப்பே கிடையாது.

பாரத்தைக் கணக்கிடுங்கள். ஒரு லிட்டர் ஜாடி நிறைய உலர் மண் 1.2 கிலோ. சதுர மீட்டருக்கு 100 ஜாடி, ஆறு அடுக்கு என்றால் 720 கிலோ, ஏறக்குறைய 7 கிலோநியூட்டன். ஆய்வகத் தளத்துக்குப் பொதுவாக எடுத்துக்கொள்வது 3. ஆகவே சேமிப்பறை தரைத்தளத்தில், மண்ணின் மேல் நேரடியாக நிற்கும் தரையில். நிலத்தடி அறை வேண்டாம், வெள்ளம் புகும். மூடி பிளாஸ்டிக், ஜாடிக்கு வெளியே ஒரு லேபிள், உள்ளே பென்சிலில் எழுதிய இன்னொரு சீட்டு. இங்க் மங்கும், பார்கோடு உரியும், பென்சில் நிற்கும்.

விதைக்குக் குளிரைவிட முதலில் வறட்சி முக்கியம். 5 முதல் 20 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 10 முதல் 25 சதவீதம் உள்ள உலர்த்தும் அறையில் விதை சமநிலைக்கு வரவேண்டும். பிறகு காற்றுப் புகாத அலுமினிய உறையில் அடைத்து, நடுத்தரக் காலத்துக்கு 5 முதல் 10 டிகிரி, நெடுங்காலத்துக்கு மைனஸ் 18. உலர்த்தாமல் குளிர்ப்பெட்டியில் வைத்தால் பெட்டியைத் திறந்து மூடும்போதெல்லாம் பனி உருகி விதை ஈரமாகி முளைப்புத் திறன் போய்விடும். குளிரறையின் கம்ப்ரஸரை இரண்டாக வையுங்கள், ஒன்று ஓட ஒன்று ஓய்வில். வெப்ப அலாரம் பாதுகாவலர் அறையிலும் ஒலிக்க வேண்டும், இரவில் ஆய்வகத்தில் கேட்க ஆள் இருக்காது.

---

துலாக்கோல்:

தண்ணீர் விட்டுப்போயிற்று. திருச்சி ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. அதை நேராக வாலைவடி அடுப்பில் விட்டால் ஹீட்டரில் சுண்ணாம்புப் படலம் ஏறி மாதத்துக்கொரு முறை எரியும். ஆர்.ஓ., அதன்பின் டீஅயனைசர் (நீரில் மிஞ்சும் உப்பு அயனிகளை நீக்குவது), சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோசீமன்சுக்குக் கீழே கடத்துத்திறன். கெல்டால் கண்டென்சரை நேரே குழாய்த் தண்ணீரில் ஓட்டாமல் சுற்றோட்டச் சில்லரில் ஓட்டுங்கள்.

ஒப்படைப்பின்போது இந்தச் சோதனைகளை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் கடைசித் தவணை போனபிறகு யாரும் வரமாட்டார்கள். எல்லா ஹூட்டும் ஒரே நேரத்தில் ஓடும்போது ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒன்பது இடத்தில் வேகத்தை அளந்து பதிவு செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் ஓட்டிக் காட்டினால் ஏற்காதீர்கள். புகைக்குச்சி வைத்து முகப்பில் பார்க்க வேண்டும். அசிட்டிலின் குழாயை நைட்ரஜன் ஏற்றி 24 மணி நேரம் அழுத்தம் இறங்காமல் காட்ட வேண்டும். மெயினை அணைத்து, ஜெனரேட்டர் எடுத்ததும் ஃபேன் ஓடுகிறதா, டைஜஸ்டர் நிற்கிறதா, ஷேக்கர் அறை 25 டிகிரிக்கு எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு சிங்க்கிலும் சாய நீர் ஊற்றி அது செப்டிக் டேங்குக்குப் போகிறதா, தொட்டிக்குப் போகிறதா என்று இரண்டு முனையிலும் ஆள் நின்று பாருங்கள். இணைப்பை மாற்றிக் கொடுத்துவிடுவது அங்கேதான் அடிக்கடி நடக்கும்.